தண்ணீர் இல்லாத மண்ணும் நாமும்

 

சென்ற வாரம் வெளியூரில் ஆசிரியையாக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள். "டீச்சர், இயற்கை மனிதனை எப்படி மாற்றுது, மனிதன் இயற்கையை எப்படி மாத்துறான்னு ஒரு பாடம் நடத்தணும். நைல் நதி, சிந்து நதின்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போச்சு. நம்ம பக்கம் ஏதாவது உதாரணம் இருக்கா?" என்றாள். "இருக்காவா? நீ பிறந்து வளர்ந்த நேமத்தான்பட்டியே உதாரணம்தான்" என்றேன். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவர்கள்தானே, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். நம் பக்கம் செம்மண், அதற்குக் கீழே செம்புறாங்கல். வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. தேனாறு, பாம்பாறு, மணிமுத்தாறு என்று பெயர்கள் இருக்கின்றன. மழைக்காலத்தில் சில நாள் தண்ணீர் ஓடும், மற்ற நாளில் மணல்தான். ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் "இவ்வளவு பெய்கிறதா?" என்று ஆச்சரியப்படுவார்கள். ஆனால் அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மீதி நாளெல்லாம் வானம் பார்த்த பூமி. ஆகவே இங்கே வாழ வந்தவர்களுக்கு இருந்த கேள்வி ஒன்றுதான்: சில வாரத்து மழையைப் பன்னிரண்டு மாதத்துக்கு எப்படி வைத்துக்கொள்வது?

அந்தக் கேள்விக்கு நம் முன்னோர் சொன்ன பதில்தான் கண்மாய். நம் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. கண்ணுக்குத் தெரியாத சரிவு. அந்தச் சரிவுக்குக் குறுக்கே பிறை நிலாப் போலக் கரை போட்டார்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இப்படிச் சங்கிலி போல ஊர் ஊராகக் கோத்துவிட்டார்கள். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் நீலப் புள்ளி வைத்த சேலையை விரித்தது போல இருக்கும்.

இதிலே கவனிக்க வேண்டியது, கண்மாயை மனிதன் கட்டினான் என்பதோடு கதை முடியவில்லை. கண்மாயும் மனிதனைக் கட்டியது. மடையைத் திறந்து மூட ஓர் ஆள் வேண்டும். எந்த வயலுக்கு முதலில் தண்ணீர், எந்த வயலுக்குக் கடைசியில் என்று முறை வைக்க நீர்பாய்ச்சி வேண்டும். அவருக்கு அறுவடையில் பங்கு கொடுக்க வேண்டும். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வரத்துக்கால் வெட்ட வேண்டும், கரைக்கு மண் போட வேண்டும். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். மேல் கண்மாய்க்காரனும் கீழ்க் கண்மாய்க்காரனும் பகைத்துக்கொண்டால் இரண்டு ஊருக்கும் சோறு கிடையாது. ஆகவே பஞ்சாயத்து வேண்டும். கண்மாய் வற்றும்போது ஊத்தா, வலையோடு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழாவும் இந்த நிலத்திலிருந்து முளைத்ததுதான்.

உலகத்தில் மற்ற இடங்களிலும் இப்படித்தான். இந்தோனேசியாவின் பாலித் தீவில் நெல் வயலுக்குத் தண்ணீர் பங்கிட 'சுபக்' என்ற உழவர் சங்கங்கள் பல நூறு ஆண்டுகளாக இருக்கின்றன. ஹாலந்து நாட்டில் கடல் நீர் ஊருக்குள் வராமல் காக்க 13ஆம் நூற்றாண்டிலேயே நீர் வாரியங்கள் அமைத்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் மிகுதி, நமக்குக் குறைவு. இரண்டு இடத்திலும் தண்ணீர்தான் மனிதர்களை ஒன்றாக உட்கார வைத்தது.

அடுத்து ஊருணி. கண்மாய் வயலுக்கு, ஊருணி வாய்க்கு. வள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் பேரறிவாளனின் செல்வத்துக்கு ஊருணியைத்தான் உவமை சொன்னார். நம் பக்கத்து ஊர்களில் குடிநீர் ஊருணி தனி, குளிக்கிற குளம் தனி, மாடு குளிப்பாட்டுகிற இடம் தனி. குடிநீர் ஊருணியில் செருப்போடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. செம்புறாங்கல்லை அறுத்துப் படிகட்டிச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். அந்தக் கல் வெட்டும்போது மெதுவாக இருக்கும், காற்றுப் படப்பட இறுகிவிடும். மண்ணுக்கடியில் கிடந்ததே தண்ணீருக்குக் காவலாக நின்றது.

செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க இன்று வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தேக்குத் தூணையும் பெல்ஜியம் கண்ணாடியையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நீங்கள் போனால் கூரையையும் முற்றத்தையும் பாருங்கள். கூரை ஓட்டில் விழுகிற மழை நாலு பக்கமும் சரிந்து நடு முற்றத்தில் விழும். அங்கே அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். மீதித் தண்ணீர் முற்றத்து வாய்க்கால் வழியாக வீட்டைக் கடந்து தெருவுக்குப் போகும். தெரு ஓரத்து வாய்க்கால் ஊருணிக்குப் போகும். ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக வரிசையாக வீடுகள் இருந்தால் கணக்கிட்டுப் பாருங்கள், ஊரின் கூரை முழுவதும் ஊருணிக்கு நீர்பிடிப்பு! தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னது 2003இல். நம் ஊர்களில் அது வீடு கட்டும் முறையிலேயே இருந்தது. யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் சேர்க்கப்பட்டன. அதற்குச் சொல்லப்பட்ட சிறப்புகளில் இந்த நீர் ஏற்பாடும் ஒன்று.

கனத்த சுவர், சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த பூச்சு, அடுக்கடுக்காய் வேய்ந்த ஓடு, காலில் குளிரும் ஆத்தங்குடிக் கல், இவையெல்லாம் வெயிலுக்குச் சொன்ன பதில். வீட்டை உயரமான மேடையில் கட்டியதற்கு மட்டும் வேறு கதை சொல்வார்கள். நகரத்தார் ஒரு காலத்தில் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்தார்கள், கடல்கோள் பார்த்த பயம் இன்னும் போகவில்லை என்பார்கள். மரபுக் கதைதான். ஆனால் ஓர் இயற்கைச் சீற்றத்தின் நினைவை, கடலே தெரியாத ஊரில் வாசற்படி உயரத்தில் ஒரு சமூகம் வைத்திருக்கிறது என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்தானே?

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். இத்தனை வீட்டுக்கும், படிகட்டிய ஊருணிக்கும் பணம் எங்கிருந்து வந்தது? நம் செம்மண் அவ்வளவு விளைவதில்லை. ஒரு போக நெல், அதுவும் மழை வந்தால். விளையாத மண் மனிதனை வெளியே அனுப்பும். நகரத்தார் கொண்டுவிற்கப் போனார்கள். இலங்கை, மலேயா, சைகோன், எல்லாவற்றுக்கும் மேலாகப் பர்மா. அவர்கள் பின்னால் பெட்டியடிப் பையன்களாக, சமையல்காரர்களாக, கணக்கெழுத நம் பக்கத்துப் பிற சாதிப் பிள்ளைகளும் கப்பல் ஏறினார்கள்.

பர்மாவில் நடந்தது உலக வரலாற்றில் பெரிய சுற்றுச்சூழல் மாற்றங்களில் ஒன்று. 1852 போரில் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். அப்போது ஐராவதி ஆற்றின் கழிமுகம் பெரும்பாலும் சதுப்புக் காடு, கோரைப் புல், கொசு, முதலை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது எளிதாயிற்று. மேல் பர்மாவிலிருந்து உழவர்கள் வந்து காட்டை வெட்டி வயலாக்கினார்கள். வெட்டவும் உழவும் மாடு வாங்கவும் கடன் வேண்டும். அந்தக் கடனைக் கொடுத்தவர்களில் முதல் இடம் நம் செட்டிநாட்டுக்காரர்களுக்கு. 1850களில் கீழ்ப் பர்மாவில் நெல் விளைந்த நிலம் 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930 வாக்கில் அது 80 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாகப் பர்மா ஆனது.

கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள், பிள்ளைகளே. வறண்ட மண்ணிலிருந்து கிளம்பிய பணம் போய் ஓர் ஈரக் காட்டை வயலாக்குகிறது. அந்த வயலின் வட்டி திரும்பி வந்து வறண்ட ஊரில் ஊருணிக்குப் படி கட்டுகிறது. அந்த நாட்டுக் காட்டின் தேக்கு நம் வீட்டில் தூணாக நிற்கிறது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு நிலங்கள் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டிருந்தன. இரண்டு பக்கத்து மனிதர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கடன் பத்திரத்தில் மட்டும்தான்.

1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. பர்மிய உழவனால் வட்டி கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1937இல் 25 சதவீதம். நிலத்தை வைத்துக்கொள்ளவா போனார்கள்? அவர்களுக்கு வேண்டியது பணம். ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்தக் கணக்கு புரியுமா? காட்டை வெட்டி, காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்து வயலாக்கியவன் அவன். 1930 டிசம்பரில் தொடங்கிய சயா சான் கிளர்ச்சிக்குப் பின்னால் இந்தக் கோபமும் இருந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தபோது நம்மவர்கள் லட்சக்கணக்கில் ஓடிவந்தார்கள். கால்நடையாக மலை கடந்து வந்த வழியில் மாண்டவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். 1948இல் பர்மா விடுதலை பெற்று, நிலத்தை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் போட்டது. நம் ஊர்களில் அந்த இழப்பைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். பர்மிய உழவனின் இழப்பைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு டீச்சராக இரண்டையும் சொல்வது என் கடமை.

அந்தக் கழிமுகத்தின் கதை அதோடு முடியவில்லை. காடு அழிப்பது அதற்குப் பிறகும் தொடர்ந்தது. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அதே கழிமுகத்தில் புகுந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், காணாமல் போனார்கள். அலையின் வேகத்தைத் தாங்கும் சதுப்புக் காடு பெருமளவு அழிந்துபோனதும் சேதம் கூடியதற்கு ஒரு காரணம் என்று அப்போது பலர் எடுத்துச் சொன்னார்கள். இயற்கை நம்மைப் போல மாதத் தவணையில் வட்டி வாங்காது. நூறு ஆண்டு கழித்து மொத்தமாக வாங்கும்.

இங்கே நம் ஊரில் என்ன ஆயிற்று? பர்மாப் பணம் நின்றது. கொஞ்சம் பணம் நல்ல வழியில் போனது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில்தான் காரைக்குடியில் கல்லூரிகளும், 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் வந்தன. அதனால் உங்களில் எத்தனையோ பேர் படித்தீர்கள். படித்தவர்கள் வெளியூர் போனீர்கள். பெரிய வீடுகள் பூட்டின. சில வீடுகளைப் பிரித்துத் தூணாகவும் கதவாகவும் விற்றார்கள். வீடு போனால் கூரை போகும். கூரை போனால் ஊருணிக்கு வந்த தண்ணீரில் ஒரு பங்கு போகும். இதை யாரும் யோசிக்கவில்லை.

கண்மாய்க்கும் அதே காலத்தில் காலம் மாறியது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் கண்மாய்கள் அரசிடம் போயின. 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளது பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. "அது சர்க்கார் கண்மாய்" என்று சொல்லிக்கொண்டு மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டார்கள். பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. சுவிட்சைத் தட்டினால் தண்ணீர். மறுகால் பாயும்வரை பக்கத்து ஊர்க்காரனோடு பேச வேண்டிய அவசியம் இல்லை. தண்ணீர் மட்டும் கீழே போகவில்லை. ஒருவரையொருவர் கேட்டு வாழ்ந்த பழக்கமும் கீழே போய்விட்டது.

இன்னொரு விருந்தாளியும் வந்தார். சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்து மரம். விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று விதை தூவினார்கள். தண்ணீர் இல்லாத மண்ணுக்கு அது பிடித்துப் போயிற்று. கண்மாய் உள்வாய், வரத்துக்கால், தரிசு எல்லாம் அதன் ராஜ்யம். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது பள்ளிப் பிள்ளைகள் வரை மரம் பிடுங்கினார்கள். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: நம் மாவட்டத்திலும் இராமநாதபுரத்திலும் மழை பொய்த்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் அந்த மரத்தைக் கரிமூட்டம் போட்டுத்தான் கஞ்சி குடித்தன. வயலை விட்டவன் இடத்தை மரம் பிடித்தது. மரம் பிடித்ததும் மிச்சமிருந்தவனும் வயலை விட்டான். யார் யாரை மாற்றினார்கள்? ஒன்றையொன்று மாற்றுவது என்றால் இதுதான்.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். ஊருணிப் படியில் எல்லாரும் இறங்க முடிந்ததில்லை. குடத்தோடு எட்ட நின்று, யாராவது மொண்டு ஊற்ற மாட்டார்களா என்று காத்திருந்த தெருக்களும் நம் பக்கத்து ஊர்களில் உண்டு. இறங்க முடிந்த தெருவிலும் நாள் முழுக்க இடுப்பில் குடம் சுமந்தது பெண்கள்தான். பள்ளிக்கு வராத பெண்பிள்ளையைத் தேடிப் போனால் தண்ணீர்த் துறையில்தான் இருப்பாள். கிணறும் குளமும் படித்துறையும் எல்லாருக்கும் பொது என்று 1950இல் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு எழுத வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் என்ன நிலை என்று புரிந்துகொள்ளுங்கள். குழாய் வந்தது பலருக்கு விடுதலை. இன்று காவிரித் தண்ணீர் குழாய் வழியே நம் மாவட்டத்தின் பல ஊர்களுக்கு வருகிறது. காவிரிக்கரையிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஊர்களைத் தேடிக் காவிரியே வந்துவிட்டது! ஆனால் மேட்டூரில் தண்ணீர் இல்லாத ஆண்டில் குழாயை மட்டும் நம்ப முடியுமா? ஊருணியும் வேண்டும். எல்லாரும் இறங்குகிற ஊருணியாக வேண்டும்.

முடியாத காரியமா? திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி போய்ப் பாருங்கள். அங்கேயும் கண்மாய்தான். குளிர்காலத்தில் நாரைகளும் கொக்குகளும் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டுகின்றன. பறவை பயந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது. அதற்கு முன்பே ஊர் கட்டுப்பாடு இருந்தது. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று உழவர்கள் சொல்வார்கள். பறவைக்கு அமைதி, வயலுக்கு உரம், பிள்ளைகளுக்கு மத்தாப்பு. ஒரு கண்மாய் இந்த ஒப்பந்தத்தை இன்றும் நடத்திக்கொண்டிருக்கிறது.

இப்போது வீட்டுப்பாடம். வயதாகிவிட்டது என்று தப்பிக்க முடியாது!

ஊரில் வீடோ இடமோ உள்ளவர்கள், அடுத்த முறை கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ வரும்போது உங்கள் இடத்தின் வழியாக மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று பெரியவர்களைக் கேளுங்கள். வரத்துக்கால் உங்கள் மனையில் போனால் அதை மூடிச் சுவர் எழுப்பாதீர்கள். ஒரு குழாயாவது பதித்து வழி விடுங்கள். பூட்டிய வீட்டை விற்பது உங்கள் விருப்பம், குடும்பச் சூழ்நிலை. விற்றாலும் முற்றத்துத் தண்ணீர் போகும் வாய்க்காலை வாங்குகிறவருக்குக் காட்டிக்கொடுங்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருப்பவர்கள், நீங்கள் இருக்கும் ஊர் தண்ணீருக்கு என்ன செய்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். இரண்டுமே நம்மைவிடத் தண்ணீர்க் கஷ்டம் பார்த்த ஊர்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வரத்துக்கால் சுத்தம் செய்ய ஆட்கள் சேர்ந்தால் நானும் வருவேன். மண்வெட்டி பிடிக்கத் தெம்பில்லை. நிழலில் உட்கார்ந்து வருகைப் பதிவு எடுப்பேன். யார் வரவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

எல்லாரும் நல்லா இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
நேமத்தான்பட்டி